ஒரு யார்டுக்காக உடம்பைக் கொடுக்கலாமா? குவார்ட்டர்பேக்குகளை விடாமல் துரத்தும் கேள்வி

2024 செப்டம்பர் 12, வியாழக்கிழமை இரவு. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம், மயாமி கார்டன்ஸ் மைதானம். பஃபலோ பில்ஸ் 31, மயாமி டால்ஃபின்ஸ் 10. மூன்றாவது குவார்ட்டர். சொந்த மண்ணில் 21 புள்ளிகள் பின்தங்கி நிற்கிறது டால்ஃபின்ஸ். நான்காவது டவுன், 4 யார்டு தேவை.

டால்ஃபின்ஸின் குவார்ட்டர்பேக் டுவா டாங்கோவைலோவா எறிய ஆள் கிடைக்காமல் பந்தோடு தானே ஓடினார். தேவையான தூரத்தைக் கடந்தும்விட்டார். அந்த இடத்தில் காலை முன்னால் நீட்டிச் சறுக்கி உட்கார்ந்திருந்தால் கதை முடிந்தது. யாரும் அவர்மேல் மோதக்கூடாது, அதுதான் விதி. அவர் உட்காரவில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டு, எதிரே வந்த டமார் ஹாம்லினின் உடம்போடு போய் மோதினார். கீழே விழுந்தவரின் கைகள் விறைத்து மடங்கி நின்ற காட்சியை டிவியில் பார்த்தவர்கள் யாரும் சீக்கிரம் மறந்திருக்க மாட்டார்கள்.

என்எஃப்எல் வாழ்க்கையில் அவருக்கு உறுதிசெய்யப்பட்ட மூன்றாவது கன்கஷன், அதாவது மூளை அதிர்ச்சிக் காயம் அது. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் 4 ஆண்டுகளுக்கு 21.24 கோடி டாலர் மதிப்புள்ள ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார்.

‘ஏன் சார் உட்காரல?’ அன்றிரவு அமெரிக்கா முழுக்கக் கேட்ட கேள்வி இதுதான். ஆனால், இது டுவாவை மட்டும் பார்த்துக் கேட்கும் கேள்வி இல்லை. அணியின் மூளையாக இருக்க வேண்டிய ஆள், உடம்பால் முட்டி மோதி ஆடலாமா, கூடாதா? இந்த விவாதம் ஒவ்வொரு சீசனிலும் திரும்ப வருகிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில், குவார்ட்டர்பேக் என்பவர் யார்?

இங்கே ஃபுட்பால் என்றால் நாம் பார்க்கும் கால்பந்து இல்லை. ஹெல்மெட், தோள்பட்டைக் கவசத்தோடு ஆடும் அமெரிக்கன் ஃபுட்பால். ஒரு பக்கத்துக்கு 11 பேர். தாக்கும் அணிக்கு 4 வாய்ப்புகள் கிடைக்கும். ஒவ்வொன்றுக்கும் பெயர் ‘டவுன்’. அந்த 4 வாய்ப்புக்குள் 10 யார்டு (சுமார் 9 மீட்டர்) முன்னேறினால் மறுபடியும் புதிதாக 4 வாய்ப்பு. முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் பந்து முதலில் வருவது குவார்ட்டர்பேக் கைக்குத்தான். எறிவதா, பக்கத்தில் ஓடுபவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா? இரண்டு மூன்று விநாடிக்குள் முடிவெடுக்க வேண்டும். அவர் நின்று எறிவதற்காக அணியின் பெரிய உடம்புக்காரர்கள் சுற்றி அரண் கட்டுவார்கள். அந்த இடத்துக்குப் பெயர் ‘பாக்கெட்’. பாக்கெட்டுக்குள் இருந்தபடி எறிவது பழைய பாணி. பாக்கெட்டை விட்டு வெளியே வந்து ஓடுவது, தேவைப்பட்டால் எதிராளியை முட்டித் தள்ளுவது இன்னொரு பாணி. பிரச்சினை இந்த இரண்டாவதில்தான்.

ஓடினால் என்ன லாபம்?

லாபம் சின்னது இல்லை. வழக்கமாக குவார்ட்டர்பேக் பந்தை ஓடுபவரிடம் கொடுத்துவிட்டால் அதன் பிறகு அவர் வேடிக்கை பார்ப்பவர். அதாவது தாக்கும் அணியில் வேலை செய்வது 10 பேர், தடுக்கும் அணியில் 11 பேர். குவார்ட்டர்பேக்கே ஓடக்கூடியவர் என்றால் அந்தக் கணக்கு சமமாகிவிடும். அவர் ஓடுவாரா, மாட்டாரா என்று ஒரு தடுப்பாளர் எப்போதும் அவர்மேல் ஒரு கண் வைத்திருக்க வேண்டும். அந்த ஒரு ஆள் தயங்கும் அரை விநாடியில் மற்றவர்களுக்கு வழி திறக்கும்.

இதை நிரூபித்தவர்கள் பலர். பால்டிமோர் ரேவன்ஸின் லமார் ஜாக்சன் 2019-ல் 1,206 யார்டு ஓடினார். ஒரு சீசனில் எந்த குவார்ட்டர்பேக்கும் அதுவரை அவ்வளவு ஓடியதில்லை. அந்த ஆண்டு அத்தனை வாக்குகளும் அவருக்கே விழ, லீகின் மிகச் சிறந்த வீரர் (எம்விபி) விருதை வாங்கினார். பஃபலோ பில்ஸின் ஜோஷ் ஆலன் 2023-ல் ஓடியே 15 டச் டவுன் போட்டார்; 2024-ல் 12. அந்த 2024 சீசனின் எம்விபி அவர்தான்.

பெரிய மேடையிலும் இதே கதைதான். 2023 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுலில் கணுக்கால் சுளுக்கோடு ஆடிய கேன்சஸ் சிட்டி சீஃப்ஸின் பேட்ரிக் மஹோம்ஸ், ஆட்டம் முடியும் தறுவாயில் 26 யார்டு ஓடினார். அந்த ஓட்டம்தான் வெற்றிக்கான ஃபீல்டு கோலுக்கு வழி போட்டுக் கொடுத்தது. சீஃப்ஸ் 38, பிலடெல்பியா ஈகிள்ஸ் 35.

ஆக, ‘ஓடாதே’ என்று சொல்வது சுலபம். ஓடாமல் இருந்தால் கோப்பையும் வராமல் போகலாம்.

ஓடினால்தான் அடிபடுமா?

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். பாக்கெட் பாதுகாப்பானது, வெளியே ஓடுவது ஆபத்தானது என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால், என்எஃப்எல் வரலாற்றில் எல்லோருக்கும் நினைவிருக்கும் பெரிய காயங்களைப் பட்டியலிட்டுப் பாருங்கள்.

1985 நவம்பர்: வாஷிங்டனின் ஜோ தீஸ்மனுக்குக் கால் முறிந்தது, அதோடு ஆட்ட வாழ்க்கையே முடிந்தது. பாக்கெட்டில் நின்றிருந்தபோது.

2008, சீசனின் முதல் ஆட்டம்: நியூ இங்கிலாந்தின் டாம் பிரேடிக்கு முழங்கால் தசைநார் கிழிந்தது, அந்த சீசன் முழுக்கக் காலி. பாக்கெட்டில் நின்று எறிந்தபோது.

2018 நவம்பர்: வாஷிங்டனின் அலெக்ஸ் ஸ்மித்துக்குக் கால் முறிந்து, கிருமித் தொற்றும் சேர்ந்து, 17 அறுவை சிகிச்சைகள். எறிய இடம் தேடிக்கொண்டிருந்தவரைப் பிடித்து வீழ்த்தியபோது.

2023 செப்டம்பர்: நியூயார்க் ஜெட்ஸுக்காக முதல் முறையாக இறங்கிய ஆரோன் ராட்ஜர்ஸ், களத்தில் நான்காவது ‘ப்ளே’யிலேயே குதிகால் தசைநாண் அறுந்து வெளியேறினார். அவரும் எறிவதற்காக நின்றிருந்தவர்தான்.

லமார் ஜாக்சனையே எடுத்துக்கொள்ளுங்கள். அவரைப் பார்த்து ‘இப்படி ஓடினா ரொம்ப நாள் தாங்க மாட்டார்’ என்று சொல்லாதவர் இல்லை. 2022 டிசம்பரில் சீசனையே முடித்துவைத்த முழங்கால் காயம் வந்தது அவர் ஓடும்போது அல்ல, பாக்கெட்டில் பிடிபட்டபோது. ஆலனுக்கு 2022 நவம்பரில் முழங்கை காயமானதும் பந்தை எறியும் கையில் எதிராளியின் அடி விழுந்ததால்தான்.

இதற்கு ஒரு எளிய காரணம் உண்டு. பாக்கெட்டில் நிற்கும்போது கண் தூரத்தில் ஓடும் சக வீரர் மேல் இருக்கும். ஒரு கால் தரையில் ஊன்றியிருக்கும், கை தலைக்கு மேலே போயிருக்கும். அடி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியாது. ஓடும்போது அப்படி இல்லை. எதிரே யார் வருகிறார் என்று தெரியும். வளையலாம், எல்லைக்கோட்டுக்கு வெளியே போய்விடலாம், உட்கார்ந்துவிடலாம். முடிவு உங்கள் கையில்.

அப்படியென்றால் ஆபத்து எங்கே இருக்கிறது?

அந்த ‘முடிவு உங்கள் கையில்’ என்பதில்தான். ஓடுவது வேறு, போய் மோதுவது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் விவாதம் முடிவதே இல்லை.

ஆண்ட்ரூ லக் இதற்கு நல்ல உதாரணம். 2012-ல் முதல் ஆளாகத் தேர்வாகி இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸுக்கு வந்தவர். பாக்கெட்டில் நின்று எறிவதில் கெட்டிக்காரர். ஆனால், ஓடினால் உட்காரும் பழக்கம் குறைவு. தடுப்பாளர் மேல் பாயும் ஆள். 2015 நவம்பரில் டென்வருக்கு எதிராக இப்படி ஓடி மோதியதில் சிறுநீரகத்திலேயே கிழிசல். தோள்பட்டைக் காயத்தால் 2017 சீசனில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. 2019 ஆகஸ்டில், 29 வயதில் ஓய்வை அறிவித்தார். காயம், வலி, சிகிச்சை, மறுபடியும் காயம் என்ற சுழற்சி தன்னிடமிருந்த ஆட்ட மகிழ்ச்சியைப் பறித்துவிட்டதாக அவர் சொன்ன காரணம், இன்றுவரை இந்த விவாதத்தில் மேற்கோள் காட்டப்படுகிறது.

கரோலினா பாந்தர்ஸின் கேம் நியூட்டன் இன்னொரு வகை. ஆறரை அடிக்கு நெருக்கமான உயரம், ஓடுபவர்களையே மிஞ்சும் உடல்வாகு. ஆட்ட வாழ்க்கையில் ஓடியே 75 டச் டவுன். 2015-ல் எம்விபி. அடுத்த ஆண்டு டிசம்பரில், தான் எறிந்த பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியவரை விரட்டிப் பிடிக்கப் போய் எறியும் தோளில் காயம். 2017-ல் ஒரு அறுவை சிகிச்சை, 2019 தொடக்கத்தில் இன்னொன்று. 2020-ல் பாந்தர்ஸ் அவரை விடுவித்தபோது வயது 30. அந்த வயதில் பிரேடிக்கு இன்னும் 4 சூப்பர் பவுல் கோப்பைகள் மீதமிருந்தன.

மூன்றாவது, ராபர்ட் கிரிஃபின். 2012-ல் வாஷிங்டனின் அறிமுக நட்சத்திரம். டிசம்பரில் ஓடும்போது முழங்காலில் அடி. ஒரு ஆட்டம் மட்டும் ஓய்வு. பிறகு முழங்காலில் பட்டையைக் கட்டிக்கொண்டு இறங்கினார். 2013 ஜனவரி 6, சியாட்டிலுக்கு எதிரான ப்ளே-ஆஃப். தொடக்கத்திலேயே நொண்ட ஆரம்பித்தார். ஆனாலும் வெளியே எடுக்கவில்லை. கடைசி குவார்ட்டரில் தரையில் உருண்ட பந்தை எடுக்கத் திரும்பியபோது முழங்கால் மடங்கிவிட்டது. முதல் சீசனில் பார்த்த கிரிஃபினை ரசிகர்கள் அதன் பிறகு பார்க்கவே இல்லை. முதல் அடி ஓடியதால் வந்தது. இரண்டாவது, அடிபட்டவரை ஆடவிட்டதால் வந்தது.

சறுக்கி உட்கார்ந்தால் போதுமா?

பெரும்பாலும் போதும். விதி இதுதான்: பந்தோடு ஓடுபவர் காலை முன்னே நீட்டிச் சறுக்க ஆரம்பித்தால், அந்த இடத்திலேயே ஆட்டம் நின்றதாக அர்த்தம். அதன் பிறகு இடித்தால் 15 யார்டு அபராதம். ஆனால், சறுக்கத் தொடங்கிய இடம்தான் கணக்கு. அதனால் ஓரிரு யார்டு நஷ்டமாகும். அந்த ஓரிரு யார்டுதான் பலரைத் தலையால் முட்ட வைக்கிறது.

சறுக்கலில் பெயர் வாங்கியவர் சியாட்டில் சீஹாக்ஸின் ரஸ்ஸல் வில்சன். பேஸ்பால் ஆடிய பின்னணி. ஒரு பேஸ்பால் அணி அவரை டிராஃப்ட்டில் எடுத்தும் இருந்தது. சறுக்கல் அவருக்குக் கைவந்த கலை. 2014-ல் மட்டும் 849 யார்டு ஓடினார். அப்படி ஓடியவர், 2012-ல் அறிமுகமானது முதல் வழக்கமான சீசனில் தொடர்ந்து 149 ஆட்டங்களில் தொடக்க வீரராக இறங்கினார். 2021 அக்டோபரில்தான் அந்தத் தொடர் அறுந்தது. காரணம் ஓட்டமா? இல்லை. பந்தை எறிந்த கை எதிராளியின் கையில் பட்டு விரலில் காயம்.

ஆனால், சறுக்கல் முழுக் காப்பீடு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2024 டிசம்பர் 1 அன்று ஜாக்சன்வில் ஜாகுவார்ஸின் டிரெவர் லாரன்ஸ் முறையாகச் சறுக்கினார். ஆனாலும், ஹூஸ்டன் டெக்சன்ஸின் அசீஸ் அல்-ஷாயிர் அவர் தலைப் பக்கம் மோதினார். லாரன்ஸுக்குக் கன்கஷன், மோதியவருக்கு 3 ஆட்டத் தடை. கடைசி நொடி வரை ஓடிவிட்டுத் திடீரென்று உட்கார்ந்தால், வேகமாக வரும் தடுப்பாளரால் நிற்க முடியாது என்பது தடுப்பாளர்கள் தரப்பின் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆக, சீக்கிரம் உட்காருவதுதான் பாதுகாப்பு.

பணக் கணக்கு என்ன சொல்கிறது?

2025 மார்ச்சில் ஜோஷ் ஆலன் 6 ஆண்டுகளுக்கு 33 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். ஆண்டுக்குச் சராசரியாக 5.5 கோடி. 2025-ல் ஒரு அணி மொத்தமாகச் செலவழிக்க லீக் வைத்த உச்சவரம்பு 27.92 கோடி. அதாவது 53 பேர் கொண்ட அணியில் ஒருவரின் ஆண்டுச் சராசரியே கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. அந்த ஒருவர் படுத்துவிட்டால் மாற்று ஆளுக்குக் கொடுக்கப் பணமும் மிஞ்சாது, அதே தரத்தில் ஆளும் கிடைக்காது.

டால்ஃபின்ஸ் இதை அனுபவித்தது. டுவா இல்லாத 4 ஆட்டங்களில் ஒன்றுதான் வெற்றி. சீசன் முடிவில் 8 வெற்றி, 9 தோல்வி; ப்ளே-ஆஃப் வாய்ப்பு இல்லை.

வீரர் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. என்எஃப்எல் ஒப்பந்தங்களில் சொல்லப்படும் மொத்தத் தொகை பெரும்பாலும் முழு உத்தரவாதம் இல்லாதது. ஆலனின் 33 கோடியில் உத்தரவாதம் 25 கோடி. பெரிய ஒப்பந்தம் கிடைத்தவருக்காவது இந்தப் பாதுகாப்பு உண்டு. அறிமுக ஒப்பந்தத்தில் இருக்கும் 22 வயதுப் பையனுக்கு இவ்வளவு பெரிய உத்தரவாதம் இல்லை. அணியில் இடம் பிடிக்க அவர்தான் அதிகம் பாய வேண்டியிருக்கும். யாருக்கு இழக்க அதிகம் இருக்கிறதோ, அவர்தான் அதிக ஆபத்தை எடுக்கிறார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் உடம்பைப் பார்க்காமல் ராத்திரி பகலாக உழைத்தவர்களுக்கு இது புரியும்.

தெரிந்தும் ஏன் மோதுகிறார்கள்?

1998 ஜனவரி 25. டென்வர் பிராங்கோஸின் ஜான் எல்வேக்கு வயது 37. அதற்கு முன் 3 சூப்பர் பவுலில் ஆடி மூன்றிலும் தோற்றவர். ஸ்கோர் 17-17. மூன்றாவது டவுன், 6 யார்டு தேவை. ஓடினார், பாய்ந்தார். தடுப்பாளர்கள் இடித்ததில் காற்றில் ஹெலிகாப்டர் விசிறி போலச் சுழன்று விழுந்தார். ஃபர்ஸ்ட் டவுன் கிடைத்தது. அடுத்து டச் டவுன். முடிவில் 31-24 என்று கோப்பையும் கிடைத்தது. இன்றைக்கும் அமெரிக்காவில் ‘தலைவன் என்றால் இப்படி இருக்கணும்’ என்று காட்டப்படும் காட்சி அது.

அந்தக் காட்சியைப் பார்த்து வளர்ந்த தலைமுறைதான் இன்று ஆடுகிறது. ‘நம்ம ஆளு நமக்காக அடி வாங்குறான்’ என்ற எண்ணம் சக வீரர்களிடம் உண்டாக்கும் மரியாதையை எந்தப் புள்ளிவிவரத்திலும் அளக்க முடியாது. மறுபக்கம், லக் ஓய்வுபெறும் செய்தி கசிந்த இரவில், அவர் மைதானத்தைவிட்டு நடந்து போனபோது சொந்த ஊர் ரசிகர்களே கூச்சலிட்டு அவமானப்படுத்தினார்கள். அடி வாங்கினால் கைத்தட்டல், போதும் என்றால் கூச்சல். இந்தச் சூழலில் ‘வீரர்தான் புத்தியோடு நடந்துக்கணும்’ என்று பாரத்தை அவர் தலையில் மட்டும் வைப்பது நியாயமா?

முழங்காலும் மூளையும் ஒன்றல்ல

இந்த விவாதத்தில் அடிக்கடி விட்டுப்போகும் விஷயம் இது. முழங்கால் தசைநார் கிழிந்தால் அறுவை சிகிச்சை உண்டு, திரும்பி வரலாம். பிரேடி அடுத்த ஆண்டே வந்தார். 17 அறுவை சிகிச்சைக்குப் பிறகு அலெக்ஸ் ஸ்மித்தே 2020-ல் களத்துக்கு வந்தார். மூளைக்கு அப்படி ஒரு அறுவை சிகிச்சை இல்லை. தலையில் திரும்பத் திரும்ப விழும் அடிகளோடு தொடர்புடைய ‘சிடிஇ’ என்ற மூளைச் சிதைவு நோயை, இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்துத்தான் இன்றும் உறுதிசெய்ய முடிகிறது. அதாவது, விலை எவ்வளவு என்று ஆடும்போது தெரியவே தெரியாது.

டுவா விஷயத்தில் லீகே ஒரு பாடம் கற்றுக்கொண்டது. 2022 செப்டம்பர் 25 அன்று கீழே விழுந்து எழுந்தவர் தள்ளாடினார். ஆனாலும் அதே ஆட்டத்தில் திரும்ப இறங்கினார். 4 நாள் கழித்து சின்சினாட்டியில் தலை தரையில் மோத, ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். அடுத்த மாதமே விதி மாறியது: தள்ளாட்டம், பேச்சுக் குழறல் போன்ற அறிகுறி தெரிந்தால், அன்று மறுபடி களமிறங்க முடியாது.

சரி, தீர்ப்பு என்ன?

ஓடலாம். தாராளமாக ஓடலாம். இன்றைய ஆட்டத்தில் ஓடவே மாட்டேன் என்பவருக்கு வேலை கிடைப்பதே கஷ்டம். ஆனால், மோதலாமா என்பதற்கான பதில் ஸ்கோர் பலகையிலும் காலண்டரிலும் இருக்கிறது. பிப்ரவரியில் சூப்பர் பவுல், கடைசி நிமிடம், ஒரு யார்டில் கோப்பை என்றால் பாயுங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். செப்டம்பரில், 21 புள்ளி பின்தங்கிய ஆட்டத்தில், தேவையான தூரம் கிடைத்த பிறகு மோதுவதற்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. அதுவும் தலையை முன்னால் கொடுத்து, எப்போதுமே கூடாது.

இன்னொன்று. இந்த முடிவை ஓடும் வேகத்தில் அந்த வீரர் அரை விநாடியில் எடுக்கட்டும் என்று விடக்கூடாது. 2019 அக்டோபரில், ஒரு யார்டுக்காகக் குவியலுக்குள் நுழைந்தபோது மஹோம்ஸின் முழங்கால் சில்லு இடம் மாறியது. அதன் பிறகு பல ஆண்டுகள் சீஃப்ஸ் அவரை அந்த மாதிரி நுழையவே விடவில்லை. வேறு ஆட்களை வைத்து அந்த ஒரு யார்டை எடுத்தார்கள். கோப்பைகளும் ஜெயித்தார்கள். அவருடைய துணிச்சல் எங்கேயும் குறையவில்லை. அதை எங்கே செலவழிப்பது என்பதை அணி முன்கூட்டியே தீர்மானித்தது.

டுவாவும் முயற்சி செய்யாதவர் இல்லை. 2022 கசப்புக்குப் பிறகு, எப்படி அடிபடாமல் விழுவது என்று கற்றுக்கொள்வதற்காகவே ஜியு-ஜிட்சு பயிற்சிக்குப் போனார். 2023-ல் 17 ஆட்டங்களும் ஆடினார். எறிந்த யார்டுகளில் லீகிலேயே முதலிடம். விழக் கற்றுக்கொண்டவருக்கு, எப்போது உட்காருவது என்பது அடுத்த ஆண்டு செப்டம்பர் இரவில் ஒரு நொடி மறந்துபோனது.

அந்த ஆட்டம் எப்படி முடிந்தது தெரியுமா? பில்ஸ் 31, டால்ஃபின்ஸ் 10. அவர் மோதியபோது இருந்த அதே ஸ்கோர்.